துத்தமும் சுடுசொல்லும்: ஓர் ஆங்கிலப் பெயரடையின் வரலாறு

ஈப்போ நகரத்து இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவர் ஆங்கில நாளேட்டில் அரசியல் உரையொன்றைப் பற்றிய செய்தியைப் படிக்கின்றார் எனக் கொள்வோம். அவ்வுரை 'விட்ரியாலிக்' தன்மையுடையது என்று செய்தி கூறுகின்றது. கையடக்க அகராதியைப் புரட்டினால் 'கடுமையான' என்று காண்கின்றார். மறுவாரம் வேறொரு கட்டுரையில் 'காஸ்டிக்' என்னும் சொல் வருகின்றது; அதற்கும் 'கடுமையான' என்பதே விடை. 'மார்டன்ட்', 'ட்ரென்சன்ட்' ஆகியவற்றுக்கும் அதுவே. நான்கு சொற்களுக்கும் பொருள் ஒன்றுதான் என்றால் ஆங்கிலேயர் நான்கு சொற்களை ஏன் வைத்துக்கொண்டனர் என்று அம்மாணவர் வினவினால், ஆசிரியராகிய நாம் என்ன விடை கூறுவோம்?

இவ்வினாவை முன்னிட்டே இவ்வுரையின் பொருளைத் தெரிந்துகொண்டோம். நான்கனுள் முதற்சொல்லை மட்டும் எடுத்து, அதன் வேர் எங்கே ஊன்றியுள்ளது என்று காண்போம். பிறகு, அவ்வகைச் சொல்லுக்குத் தமிழ் எவ்வாறு பெயரிட்டது என்று நோக்குவோம். பேரா மாநிலத்தின் ஈய நிலமும் ரப்பர்த் தோட்டங்களும் இவ்வரலாற்றில் இடையிடையே வந்து போகும். அவை வலிந்து கொணரப்பட்டவை அல்ல என்பது போகப்போகத் தெளிவாகும்.

இலத்தீன் மொழியில் 'விட்ரம்' என்றால் கண்ணாடி. அதனடியாக நடுக்கால இலத்தீனில் 'விட்ரியோலம்' என்னும் சொல் பிறந்தது. செம்பு, இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றின் கந்தக உப்புகள் படிகமாகும்போது கண்ணாடிச் சில்லுகள் போல் பளபளக்கும். அத்தோற்றமே பெயருக்குக் காரணம். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் பிளினி, ஸ்பெயின் நாட்டில் இவ்வுப்பு எடுக்கப்பட்ட முறையைத் தம் இயற்கை வரலாற்றில் எழுதி வைத்துள்ளார். உப்புக் கலந்த நீரைக் காய்ச்சி மரத்தொட்டிகளில் நிரப்புவர். மேலே குறுக்காக உத்தரங்களை இட்டு, அவற்றிலிருந்து கயிறுகளைத் தொங்கவிடுவர். கயிறு நேராக நிற்கும்பொருட்டுக் கல் கட்டுவர். சிறிது காலத்தில் அக்கயிறுகளில் உப்பு மணிமணியாகத் திரண்டு திராட்சைக் குலை போலத் தொங்கும். அதனைக் கண்ணாடி என்றே சிலர் நம்பினராம். ஆகவே இச்சொல்லின் தொடக்கத்தில் வெறுப்பும் இல்லை, எரிச்சலும் இல்லை. கண்ணைக் கவரும் ஓர் ஒளி மட்டுமே இருந்தது.

இதே பொருளைத் தமிழர் 'துத்தம்' என்றனர். வடமொழித் 'துத்த' என்பதன் வழி வந்த இச்சொல், அரபு மொழியின் ஊடாக ஐரோப்பாவுக்கும் சென்று வேறு வடிவம் கொண்டது என்பர். சித்த மருத்துவ நூல்கள் செம்பின் துத்தத்தை 'மயில்துத்தம்' என்கின்றன. உரோமர் அதன் பளபளப்பைப் பார்த்தனர். நம்மவர் அதன் நீலத்தைப் பார்த்து மயிலின் கழுத்தை நினைத்தனர். துத்தநாக உப்பு 'பால்துத்தம்' ஆயிற்று. இரும்பின் உப்பைத் துத்தம் என்னாது 'அன்னபேதி' என்றனர். அன்னபேதிச் செந்தூரம் இன்றும் சித்த மருந்தகங்களில் கிடைக்கும் மருந்து. ஏழிசைகளுள் ஒன்றாகிய துத்தத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை மாணவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இரண்டையும் ஒன்றெனக் கருதிக் கட்டுரை எழுதுவோர் உண்டு.

கண்ணைக் கவர்ந்த உப்பு எரிக்கும் நீராக மாறியது எவ்வாறு? இரும்புத் துத்தத்தை நன்கு சூடேற்றினால் ஆவி எழும். அதனைக் குளிரச் செய்தால் எண்ணெய் போன்று கனத்த நீர்மம் கிடைக்கும். நடுக்கால இரசவாதிகள் இதனை 'விட்ரியால் எண்ணெய்' என்றனர். நாம் கந்தகத் திராவகம் என்றும், இன்றைய பாடநூல்களில் கந்தக அமிலம் என்றும் வழங்குவது இதுவே. ஆங்கிலத்தில் 'விட்ரியால்' என்னும் சொல் 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காணப்படுகின்றது. சாசரின் கேன்டர்பரிக் கதைகளுள் இரசவாதத்தை எள்ளும் கதையொன்றில், அடுப்படியில் குவிந்துகிடக்கும் பொருள்களுள் ஒன்றாக அது இடம்பெறுகின்றது.

ஆயினும் நெடுங்காலம் அது மருத்துவரும் இரசவாதிகளும் மட்டுமே அறிந்த பொருள். பொதுமக்கள் கையில் புழங்கும் அளவுக்கு மலிவாகவில்லை. 1736இல் இலண்டனுக்கு அருகே ஜோஷுவா வார்டு என்பவர் கந்தகத்தையும் வெடியுப்பையும் எரித்துப் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் திராவகம் எடுத்தார். கண்ணாடி உடையும், பெரிதாகச் செய்ய இயலாது. 1746இல் பர்மிங்ஹாமில் ஜான் ரோபக், கண்ணாடிக்கு மாற்றாகக் காரீயத் தகடுகளால் அறைகள் அமைத்தார். காரீயத்தைத் திராவகம் எளிதில் அரிப்பதில்லை. அன்று முதல் விலை வீழ்ந்தது. துணி வெளுப்போர் அதுவரை புளித்த பாலில் துணியை வாரக்கணக்கில் ஊறவைத்தனர். நீர் கலந்த விட்ரியால் அவ்வேலையைச் சில மணி நேரத்தில் முடித்தது. சாயப்பட்டறை, தோல் பதனிடும் இடம், உலோகப் பட்டறை என எங்கும் விட்ரியால் புட்டிகள் நுழைந்தன.

இங்கேதான் ஈப்போ வருகின்றது. கிந்தாப் பள்ளத்தாக்கில் எடுத்த ஈயம், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உருக்கப்பட்டுக் கப்பலேறியது. (தமிழ்நாட்டு வழக்கில் ஈயம் என்றால் காரீயத்தையும் குறிக்கக்கூடும். மலேசியத் தமிழர் ஈயம் எனச் சொல்வது வெள்ளீயத்தை. 'ஈய லம்பம்' என்னும் நம் வழக்குச்சொல் மலாய் மொழியின் 'லொம்போங்' என்பதன் திரிபு.) அவ்வீயத்துக்குப் பெரிய சந்தையாக இருந்தது தகரத் தொழில். இரும்புத் தகட்டின் மேல் ஈயப்பூச்சு ஒட்டவேண்டுமானால் முதலில் தகட்டின் துருவை நீக்கவேண்டும். வேல்ஸ் நாட்டுத் தகர ஆலைகளில் அத்துருவை நீக்கியது நீர் கலந்த கந்தகத் திராவகம். சீனத் தொழிலாளர் கிந்தாவில் தோண்டிய உலோகமும் ஐரோப்பியப் பட்டறையின் விட்ரியாலும் ஒரே தகட்டின் மேல் சந்தித்தன. பால் டின், மீன் டின் என நம் வீடுகளுக்குத் திரும்பி வந்தவை அத்தகடுகளே.

மலிவான பொருள் தீய கைகளிலும் சேரும். 1820களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துப் பஞ்சாலைத் தொழில் தகராறுகளில், வேலைநிறுத்தத்தை மீறியோர் முகத்தில் விட்ரியால் வீசப்பட்டது. அதனைக் கடுங்குற்றமாக்கும் சட்டம் ஸ்காட்லாந்துக்கென இயற்றப்பட்டது. அந்நூற்றாண்டு முழுவதும் காதற் பகையிலும் குடும்பப் பகையிலும் அதே குற்றம் தொடர்ந்தது. நாளேடுகள் அவ்வழக்குகளை விரிவாக வெளியிட்டன. 'விட்ரியாலிக்' என்னும் பெயரடை 17ஆம் நூற்றாண்டில் தோன்றியபோது வேதியியற் சொல்லாகவே இருந்தது. அது பேச்சையும் எழுத்தையும் குறிக்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். இவ்விரு வரலாறுகளும் ஒரே காலத்தில் நிகழ்ந்ததைத் தற்செயல் என்று நாம் கருதவில்லை. சொல்லைத் திராவகத்துக்கு உவமையாக்குவதற்கு, திராவகம் முகத்தை என்ன செய்யும் என்பதைக் கேட்போர் அறிந்திருக்கவேண்டும். அறிந்திருந்தனர்.

எனவே 'விட்ரியாலிக்' என்பது வெறும் கடுமை அன்று. எதிரில் உள்ளவரை உருக்குலைக்கவேண்டும் என்னும் வெறுப்பு அதனுள் உண்டு. மற்றச் சொற்கள் அவ்வாறல்ல. 'ட்ரென்சன்ட்' என்பது பழைய பிரெஞ்சு மொழியில் வெட்டுதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என நாம் சொல்வதற்கு அது மிக நெருக்கம். அதில் தெளிவு உண்டு, பகை வேண்டுவதில்லை. 'மார்டன்ட்' என்பதன் வேர் இலத்தீனில் கடித்தல். துணியில் சாயம் பற்றிக்கொள்ளச் சேர்க்கும் படிகாரம் முதலிய பொருளுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். சாயத்தைக் கவ்விப் பிடிப்பதால் அப்பெயர். 'சார்காஸம்' என்பதோ கிரேக்கத்தில் தசையைக் கிழித்தலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்தது. 'காஸ்டிக்' என்பதன் வேர் எரித்தல். நம் பாடநூல்களில் எரிசோடா என்று வருவதும் அதே சொல்லின் தமிழாக்கமே.

தமிழுக்கு வருவோம். திராவகம் என்னும் சொல் நம்மிடம் உண்டு. உருகச்செய்வது, இளகச்செய்வது என்பது அதன் வேர்ப்பொருள். திராவக வீச்சு என்னும் கொடுஞ்செய்தியை நாளேடுகளில் படித்தும் இருக்கின்றோம். இந்தியாவில் 2013இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி அதனைத் தனிக்குற்றமாக்கும் அளவுக்கு அக்கொடுமை பரவியது. இருந்தும், சுடுசொல்லுக்கு உவமையாகத் திராவகம் தமிழ் வழக்கில் வேரூன்றவில்லை. 'அமிலச் சொற்கள்' என்று இக்காலத்தில் சிலர் எழுதுவது ஆங்கிலத்தின் சாயல். நம் வழக்கு வேறிடத்தில் தொடங்குகின்றது: அடுப்பில்.

'காரம்' என்னும் சொல்லை நோக்குக. அறிவியல் ஆசிரியர்க்குக் காரம் என்பது அமிலத்துக்கு எதிர். சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்குவது. வீட்டில் காரம் என்பது மிளகாய். மேடையில் காரசாரம் என்பது சூடான விவாதம். மூன்றும் ஒரே சொல். அரித்தெரிக்கும் உப்பைக் குறிக்கும் வடமொழி 'க்ஷாரம்' தமிழில் காரமாயிற்று. புண்களையும் கட்டிகளையும் காரத்தால் சுட்டு ஆற்றும் முறையைச் சுசுருத சங்கிதை விரித்துரைக்கின்றது. மருத்துவன் கையில் இருந்த சொல் நாவின் சுவைக்கு வந்தது. நாவிலிருந்து பேச்சுக்கு வந்தது. ஆங்கிலேயரின் 'காஸ்டிக்' நடந்த வழியும் ஏறத்தாழ இதுவே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. காரசாரமான பேச்சைத் தமிழர் பெரும்பாலும் விரும்பிக் கேட்பர். விட்ரியாலிக் பேச்சை எவரும் விரும்புவதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

சுடுதல் என்னும் வினையும் அவ்வாறே. திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரத்தில் தீயின் காயமும் நாவின் காயமும் ஒப்பிடப்படுவதை மாணவர் எல்லாரும் அறிவர். அதனினும் அரிய ஓர் உவமை வெருவந்த செய்யாமை அதிகாரத்தில் உள்ளது. அதனை வகுப்பறைகளில் அதிகம் எடுத்துக்காட்டுவதில்லை என்பது நம் குறை. கடுமொழியும் அளவிறந்த தண்டனையும் அரசனது வெல்லும் வலிமையைத் தேய்க்கும் அரம் என்கின்றார் வள்ளுவர். அரம் யாரைத் தேய்க்கின்றது? கேட்டவனை அன்று, சொன்னவனை. ஆங்கில விட்ரியால் எதிரியின் முகத்தை அழிக்கும். வள்ளுவரின் அரம் பேசியவனது ஆற்றலை நாள்தோறும் சிறிது சிறிதாக அராவிக்கொண்டிருக்கும்.

கடுஞ்சொல் யாவும் தீது என்று தமிழ் மரபு கருதியதும் இல்லை. இடித்துரைத்தல் என ஒன்றை வகுத்து, அதனை நட்பின் கடமையாகவும் அமைச்சரின் கடமையாகவும் வைத்தது. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம் என்றும் பழிகரப்பு அங்கதம் என்றும் பிரிக்கின்றது. முன்னது வெளிப்படையாகப் பழிப்பது. பின்னது பழியை மறைத்துப் பேசுவது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்ட ஔவையார், அங்குள்ள கருவிகள் நெய்பூசி மாலைசூடிப் பொலிவதைப் புகழ்ந்து, அதியமானின் கருவிகள் முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாகக் கூறியது புறநானூற்றில் உள்ளது. ஒரு கடுஞ்சொல்லும் அதில் இல்லை. தொண்டைமான் போர் காணாதவன் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்துவிடுகின்றது. இதனை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் 'விட்ரியாலிக்' என்றால் பிழை; 'மார்டன்ட்' என்றால் ஓரளவு பொருந்தும்.

இனித் தோட்டங்களுக்குச் செல்வோம். 1877இல் சிங்கப்பூர் வந்தடைந்த ரப்பர்க் கன்றுகளுள் சில பேராவின் கோலகங்சாரில் நடப்பட்டன. அடுத்த நூற்றாண்டின் முதற்பகுதியில் சுங்கை சிப்புட்டிலிருந்து தெலுக் இந்தான் வரை பேரா முழுவதும் கித்தாக் காடுகள் விரிந்தன. 'கித்தா' என்பது மலாயின் 'கெத்தா'. நிரைநிரையாக மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலைக் காண்டா வாளியில் சுமந்து இஸ்டோருக்குக் கொண்டுவந்தால், அங்கே பாலைத் தொட்டியில் ஊற்றி, நீர் கலந்த அமிலம் சேர்ப்பர், பால் உறையும். தொடக்கத்தில் அசெட்டிக் அமிலமும் பின்னர்ப் பார்மிக் அமிலமும் பயன்பட்டன. பின்னதன் பெயர் இலத்தீனில் எறும்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டில் எறும்புகளைக் காய்ச்சி வடித்தே அதனை முதலில் கண்டனர். மலாய்க்காரர் அதனைச் 'சூக்கா கெத்தா' என்பர், அதாவது ரப்பர்க் காடி. நீர் கலக்காத அமிலம் தோலில் பட்டால் கொப்புளிக்கும். இஸ்டோரில் வேலை செய்தோர் கைகளில் அதன் தழும்பைக் காணலாம். ஆயினும் தோட்டத்து மக்கள் வசைக்கு அமிலத்தை உவமை சொல்லவில்லை. அவர்களுக்கு அமிலம் பாலை உறையவைக்கும் பொருள்; அன்றாட வேலைக்கு வேண்டியது. 'சுருக்கென்று தைத்தது', 'தேள் கொட்டியது போல' என்பனவே அவர்கள் நாவில் இருந்த வழக்குகள்.

தோட்டத்தில் சுடுசொல் எங்கே இருந்தது? பெரும்பாலும் அது பெயரடையில் இல்லை. வினைமுற்றின் இறுதியில் இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் புதிதாக வரும் சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் வெளியான கையேடு ஒன்றின் பெயரே 'இங்கே வா' என்பதாகும். மலாயாவிலும் துரைமார் தொழிலாளரின் தமிழைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கற்றவை பெரும்பாலும் ஏவல் வினைகள். வா, போ, எடு, வெட்டு. தாத்தா வயதுடையவரும் பெரட்டுக் களத்தில் 'வா' என்றே அழைக்கப்பட்டார். கங்காணியும் கிராணியும் அவ்வழக்கையே பின்பற்றினர். 'வாருங்கள்' என்பதில் உள்ள 'உங்கள்' இல்லாத குறையே அங்கு வசை. ஆங்கிலத்தில் இதனை எழுதிக்காட்ட இயலாது. 'கம்' என்பது அரசர்க்கும் அதுவே, ஆண்டிக்கும் அதுவே. இதனால் தோட்ட வாழ்வைப் பற்றிய ஆங்கில ஆவணங்களைப் படிப்போர் அங்கு வழங்கிய கடுமையில் ஒரு பாதியைக் காணவே மாட்டார்கள்.

பெயர்ச்சொல்லும் அவ்வாறே தழும்பேறியது. கூலி என்பது தமிழில் உழைப்பின் ஊதியம். அதனை ஈட்டும் மனிதனுக்கே ஆங்கிலத்தில் அது பெயராயிற்று. அதன் வேர் தமிழே என்பாரும் வேறென்பாரும் உளர். வேர் எதுவாயினும், அப்பெயரால் அழைக்கப்பட்டவர்க்கு அது சுடுசொல்லே. 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஊதிய உயர்வோடு மற்றொன்றும் இருந்தது: துரை எதிரில் வரும்போது மிதிவண்டியை விட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும். ஊதியத்துக்கு இணையாக மரியாதையையும் அவர்கள் கோரினர். 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானபோது அப்பெயரில் 'கூலி' இல்லை, 'தொழிலாளர்' இருந்தது.

1957க்குப் பிறகு பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டு சில தோட்டங்களை வாங்கியது. மற்றவை கைமாறின; கித்தா இருந்த இடத்தில் செம்பனை வந்தது. பெரட்டு, மங்கு, காண்டா என்னும் சொற்கள் இன்றைய மாணவர்க்கு அகராதிச் சொற்களாகிவிட்டன. நகரத்துப் பிள்ளைகள் வசைக்கு வேறு உவமை கண்டுள்ளனர். சுடப் பேசுபவரை மலாய் வழக்கில் 'மூலுட் லேசர்' என்பர், வாயிலிருந்து லேசர்க்கதிர் புறப்படுகின்றதாம். லேசர் கண்டுபிடிக்கப்பட்டது 1960இல். ரோபக்கின் அறைக்கும் கிளாஸ்கோவின் வழக்குக்கும் இடையே விட்ரியால் எடுத்துக்கொண்ட காலத்தைவிட லேசர் விரைவாகப் பயணித்திருக்கின்றது.

எனவே வகுப்பில் 'விட்ரியாலிக்' வரும்போது, 'கடுமையான' என்று எழுதிக் கடந்து செல்லாமல், மாணவரிடம் மூன்று வினாக்களைக் கேட்கலாம் எனக் கருதுகின்றோம். பேசியவர் எதிரியைத் திருத்த எண்ணினாரா, அழிக்க எண்ணினாரா? அழிக்க எண்ணினார் எனில் 'வன்மம் கக்கும்', 'நஞ்சு தோய்ந்த' என்னும் நம் தொடர்கள் பொருந்தும். வெட்டித் தெளிவாக்க எண்ணினார் எனில் அது 'ட்ரென்சன்ட்'. அங்கு 'நறுக்கான', 'இடித்துரைக்கும்' என்பன போதும். மூன்றாவது வினா தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செல்லும்போது எழுவது. தோட்டத்துக் கதையொன்றில் கங்காணி, முதியவரை நோக்கி 'ஏய், இங்கே வா' என்கின்றார். இதனை ஆங்கிலத்தில் பெயர்க்கும் மாணவர் அந்த 'வா'வுக்கு எந்தப் பெயரடையை எங்கே வைப்பார்? இதனை அடுத்த வாரப் பயிற்சியாகக் கொடுத்துப் பார்க்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.